ஒன்பது கூடை கேட்டோம், நாலு சாக்கு கொடுத்தார்கள்

மக்களே, மூன்று வாரமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு பக்கம் செமஸ்டர் ஆணி. இன்னொரு பக்கம் நாங்கள் குடியிருக்கும் இந்த டெக்சாஸ் சிற்றூரின் பூங்காத் துறையோடு மல்லுக்கட்டு. ஆணியெல்லாம் பிடுங்கியாச்சு. மல்லுக்கட்டின் அடுத்த சுற்று வரும் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு. அதற்கு ஆள் சேர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், டிஸ்க் கால்ஃப் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: கால்ஃப் மாதிரியேதான். பந்துக்குப் பதில் தட்டு, மட்டைக்குப் பதில் கை, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. எத்தனை வீச்சில் தட்டைக் கூடைக்குள் போடுகிறோம் என்பதுதான் கணக்கு. குறைந்த வீச்சில் முடிப்பவர் ஜெயித்தார். ஒரு தட்டு பத்திலிருந்து இருபது டாலருக்குள் கிடைக்கும். பெரும்பாலான மைதானங்களில் கட்டணமே கிடையாது. ஸ்டைபெண்டில் காலம் தள்ளும் நம்ம மாதிரி ஆட்களுக்காகவே கண்டுபிடித்த விளையாட்டு :-)

எங்கள் கூட்டம் மொத்தம் ஏழு பேர். அதில் நாலு பேர் மாணவர்கள், ஒருத்தரிடமும் கார் இல்லை. பக்கத்து மைதானம் என்று சொல்லிக்கொள்வதே இருபத்தைந்து மைல் தள்ளி இருக்கிறது. எங்களை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. முழங்கால் அறுவைக்குப் பிறகு டாக்டர் தினமும் நடக்கச் சொன்னாராம். "சும்மா நட என்றால் பத்து நிமிஷத்தில் வீடு திரும்பிவிடுவேன், தட்டைத் துரத்து என்றால் ரெண்டு மணி நேரம் நடப்பேன்" என்பார். போன மாதம் கண் டாக்டர், இனி ஹைவேயில் வண்டி ஓட்டாதீர்கள் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதோடு எங்கள் ஆட்டமும் நின்றது, அவர் நடையும் நின்றது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், எங்கள் அபார்ட்மெண்டுக்குப் பின்னாலேயே ஓடையை ஒட்டி ஊராட்சிக்குச் சொந்தமான பூங்கா நிலம் கிடக்கிறது. வெள்ளம் வரும் பகுதி என்பதால் அங்கே கட்டடம் கட்ட வழியில்லை. மாதாமாதம் மெஷின் வந்து புல் வெட்டுகிறது. போன சனிக்கிழமை காலையிலிருந்து மாலைவரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே படித்தேன். வந்தவர்கள் ரெண்டு நாய்களும், அவற்றைப் பிடித்துக்கொண்டு ரெண்டு பேரும். பெயர்ப் பலகையில் மட்டும் 'பூங்கா'!

அந்த நிலத்தில் பதினெட்டுகூட வேண்டாம், ஒன்பது கூடை போட்டுக் கொடுங்கள் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனோம். கிடைத்தது நாலு சாக்கு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாக்கு 1: நிதி இல்லை.

நிரந்தரமாக நடும் நல்ல கூடை ஒன்று சுமார் 500 டாலர். ஒன்பதுக்கு 4,500. எறியும் இடத்தில் கால் வழுக்காமல் இருக்க ஒரு சிமெண்ட் மேடை, வழிகாட்டும் பலகை, இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு டென்னிஸ் கோர்ட் போடும் செலவில் பல ஒன்பது கூடை மைதானங்கள் போடலாம். வழக்கமான கால்ஃப் மைதானம் 18 குழிக்கு நூறு ஏக்கருக்கு மேல் விழுங்கும், தண்ணீரும் உரமும் குடித்துக்கொண்டே இருக்கும். இங்கே ஒரு கூடைக்கு ஒரு ஏக்கர் இருந்தால் தாராளம், புல் தானாக வளர்ந்தால் போதும். யாரும் வராத இடத்துக்கு மாதாமாதம் புல் வெட்டக் காசு இருக்கிறது, ஆள் வரவழைக்க மட்டும் காசு இல்லையா?

சாக்கு 2: யார் தலையிலாவது பட்டால் வழக்கு வரும்.

பயம் நியாயமானது. கால்ஃப் டிஸ்க் கடற்கரையில் விளையாடும் ஃபிரிஸ்பி அல்ல. விளிம்பு கூர்மை, கனமும் உண்டு, பட்டால் வலிக்கும். அதனால்தான் நடைபாதைக்குக் குறுக்கே எறியாதபடி கூடைகளை வரையவேண்டும் என்று நாங்களே வரைபடம் போட்டுக் கொடுத்தோம். ஆனால் வழக்குப் பூச்சாண்டி டெக்சாஸில் அவ்வளவு எடுபடாது. பொழுதுபோக்குக்கு நிலத்தைத் திறந்துவிடுபவர்களின் சட்டப் பொறுப்பைக் குறைக்க இந்த மாநிலத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது. உரிமையியல் நடைமுறை, பரிகாரச் சட்டத் தொகுப்பின் 75ஆம் அத்தியாயம். அரசு அமைப்புகளுக்கும் அது பொருந்தும். அதிலுள்ள பொழுதுபோக்குப் பட்டியலில் டிஸ்க் கால்ஃப் பெயர் சொல்லியே இருக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்த விளையாட்டு நம் ஊர் அதிகாரிக்குப் புதுசாம்!

சாக்கு 3: மரமும் மண்ணும் கெட்டுப்போகும்.

இதற்கு மட்டும் தலை வணங்குகிறேன், ஏனென்றால் இது சாக்கு மட்டும் அல்ல. ஆஸ்டின் நகரத்தில் ஷோல் ஓடைக் கரையிலுள்ள பீஸ் பூங்காவில் பல வருடமாக ஓடிக்கொண்டிருந்த பிரபலமான மைதானத்தை 2011 முடிவோடு மூடினார்கள். நாள் முழுக்க அத்தனை கால்கள் ஒரே தடத்தில் மிதித்து மண் இறுகிப்போனது, புல் செத்தது, கரை அரித்தது. விளையாடுகிறவர்கள் இதை மறைத்தால் அது பித்தலாட்டம். ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்லவேண்டும். ஆஸ்டின் நகரம் "இனி டிஸ்க் கால்ஃபே வேண்டாம்" என்று சொல்லவில்லை. மாற்றாக ராய் கெரேரோ பூங்காவில் இடம் கொடுத்தது. பாடம் இதுதான்: கூடையை ஓடைக்கரையிலிருந்து தள்ளி வை, ஒவ்வொரு கூடைக்கும் ரெண்டு மூன்று இடம் வைத்து மாற்றி மாற்றி நடு, மிதிபட்ட மண்ணுக்கு ஓய்வு கொடு, மரத்தடியில் மரத்தூள் போடு. மாதம் ஒரு ஞாயிறு அந்த வேலையை நாங்கள் செய்கிறோம் என்று எழுதியே கொடுத்திருக்கிறோம். வேறு எந்த விளையாட்டுக்காரன் மண்வெட்டியோடு வருகிறேன் என்று மனு கொடுக்கிறான்?

சாக்கு 4: இதையெல்லாம் யார் விளையாடப் போகிறார்கள்?

1975ல் கலிபோர்னியாவில் எட் ஹெட்ரிக் என்பவரிடமும் இதைக் கேட்டிருக்கலாம். வாம்-ஓ கம்பெனியில் ஃபிரிஸ்பியை இன்றைய வடிவத்துக்குத் திருத்தியவர் அவர்தான். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் ஓக் குரோவ் பூங்காவில் உலகின் முதல் நிரந்தர மைதானத்தை அந்த வருடம் அமைத்தார். முதலில் நட்டது வெறும் கம்பங்கள். தட்டு பட்டதா இல்லையா என்று சண்டை வரவே, சங்கிலிக் கூடையைக் கண்டுபிடித்தார். அந்தப் பூங்காவும் அணைக்கட்டுக்குப் பின்னாலுள்ள வெள்ளப் படுகையில்தான் இருக்கிறது, நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்துக்குப் பக்கத்தில். வேறெதற்கும் உதவாது என்று ஒதுக்குகிற நிலத்தில்தான் இந்த விளையாட்டே பிறந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க 15,000க்கும் அதிகமான மைதானங்கள் இருக்கின்றன. 55 லட்சம் பேர் மட்டுமே வாழும் ஃபின்லாந்தில், வருடத்தில் பாதி பனி கொட்டும் நாட்டில், 700க்கு மேல்! 2020ல் கொரோனா வந்து ஜிம்முக்கெல்லாம் பூட்டுப் போட்டபோது ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்தது இந்தக் கூடைகளைத் தேடித்தான். இன்னும் யார் விளையாடுவார்கள் என்றா கேட்கிறீர்கள்?

சரி, நாலுக்கும் பதில் இருக்கிறது. பிறகு ஏன் நடக்கவில்லை? ரொம்ப யோசித்துப் பார்த்தேன். அதிகாரிகள் கெட்டவர்கள் இல்லை. ஒரு கூடை நட்டு யாராவது விழுந்தால் புகார் வரும். நிலம் காலியாகக் கிடந்தால் ஒரு புகாரும் வராது. காலியாகக் கிடந்த பூங்காவுக்காக இதுவரை எந்த அதிகாரிக்கு வேலை போயிருக்கிறது? அவர்கள் கணக்கில் ஆளில்லாத பூங்காதான் பத்திரமான பூங்கா. வராதவர்கள் மனு எழுத மாட்டார்கள். முழங்கால் வலிக்கிற தபால்காரர் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார் என்பது எந்தக் கோப்பிலும் ஏறாது.

அதைக் கோப்பில் ஏற்றுவதுதான் செவ்வாய்க்கிழமை வேலை. பூங்கா வாரியக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து மூன்று நிமிடம் பேசலாம். போன முறை நாங்கள் செய்த தப்பு, இது எவ்வளவு ஜாலியான விளையாட்டு என்று பேசியது. அவர்களுக்கு ஜாலி பற்றிக் கவலையில்லை. இந்த முறை அதைப் பேசவேண்டாம். பெயரைச் சொல்லுங்கள், எந்தத் தெருவில் குடியிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், அந்தப் பூங்காவுக்குள் கடைசியாக எப்போது கால் வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். "இதுவரை வைத்ததே இல்லை" என்பதுதான் உங்கள் பதிலென்றால் இன்னும் நல்லது. நம் வரிப்பணத்தில் புல் வெட்டுகிற நிலத்துக்குள் நாம் ஏன் போகவில்லை என்பதற்கு அவர்கள்தான் பதில் சொல்லட்டும்.

மாணவர்களுக்கு இங்கே என்ன உரிமை என்று தயங்காதீர்கள். கடையில் பேனா வாங்கினாலும் விற்பனை வரி கட்டுகிறோம். ஓட்டுதான் இல்லை, வாய் இருக்கிறது.

தபால்காரரும் வருகிறார். கூட்டம் நடக்கும் இடம் ஊருக்குள்தான், ஹைவே ஏறவேண்டியதில்லை. அவரே வண்டி ஓட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார், பின்சீட்டில் மூன்று பேருக்கு இடமும் இருக்கிறதாம்.

டிஸ்கி: எனக்கு இன்னும் சரியாக எறிய வராது. போன முறை என் தட்டு மூன்று முறை மரத்தில் மாட்டியது. ஆகவே சாக்கு 3ல் மரங்களின் சார்பாகப் பேச எனக்கு முழுத் தகுதி உண்டு :-)