பருப்பு விலையே பிடிபடவில்லை, பங்கு விலையா பிடிபடும்?

2015 அக்டோபரில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். இன்னும் ஏறும் என்று மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கியவர்களும் நம்மில் உண்டு. 2017 தொடக்கத்தில் அதே துவரை, அரசின் ஆதார விலைக்கும் கீழே போயிற்று. பரம்பரையாகப் பருப்பு விற்கும் நமக்கே இந்தக் கதி. கல்லாவில் உட்கார்ந்தபடி கைப்பேசியில் ‘டிப்ஸ்’ பார்த்து, கண்ணால் காணாத கம்பெனியின் விலையைக் கணிக்கும் துணிச்சல் நமக்கு எங்கிருந்து வந்தது?

குத்திக்காட்ட எழுதவில்லை. நம் உறுப்பினர் ஒருவர், ஆடி மாத மந்தத்தில், மொத்த வியாபாரிக்குத் தர வேண்டிய பணத்தை ‘ஆப்ஷன்’ வர்த்தகத்தில் போட்டு இழந்தார். 20 வருடமாகச் சொன்ன தேதியில் பட்டுவாடா செய்தவர். இன்று அவருக்கு ரொக்கத்துக்குத்தான் சரக்கு.

அவர் மட்டுமல்ல. 2021-22 முதல் 2023-24 வரை இந்த வர்த்தகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 100க்கு 93 பேருக்கு நஷ்டம். சராசரியாக ஆளுக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட கணக்கு இது.

அப்படியானால் பங்கே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டோம். இந்த முகூர்த்தத்துக்கு நம் காந்தி ரோட்டில் எந்தப் பட்டுக்கடையில் கூட்டம் நெரியும் என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் தெருவில் புடவை விற்கும் என்பது தெரியும். தெரு முழுவதும் கூட்டுச் சேர்வது போன்றதுதான் இண்டெக்ஸ் ஃபண்ட். நிஃப்டியில் உள்ள 50 கம்பெனிகளிலும், பெரியதில் அதிகம், சிறியதில் குறைவு என்று பணம் பிரிகிறது. தேர்ந்தெடுக்கும் நிபுணர் இல்லாததால் கட்டணமும் குறைவு. 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் பொய்க்கணக்கு வெளியானபோது, சில நாட்களில் அதை நிஃப்டியிலிருந்து நீக்கி வேறொன்றைச் சேர்த்தார்கள். சத்யம் ஒன்றையே வாங்கி வைத்திருந்தவருக்கு அந்த வசதி இல்லை.

அமெரிக்காவில் வாரன் பஃபெட் 2008 முதல் 10 ஆண்டுகளுக்குப் பந்தயமே கட்டினார். சாதாரண இண்டெக்ஸ் ஃபண்ட் ஆண்டுக்குச் சுமார் 8.5 சதவீதம் தந்தது. எதிர்த்தரப்பு பொறுக்கி எடுத்த நிபுணர் நிதிகள் சராசரியாகச் சுமார் 3 சதவீதமே தந்தன.

இதிலும் இறக்கம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ் அக்டோபரில் 9,000க்கும் கீழே இறங்கியது. ஆகவே மகள் கல்யாணம், பையன் படிப்பு என்று 10 வருடம் கழித்துத் தேவைப்படும் பணமாக இருந்தால் மாதாமாதம் சிறிது போடலாம். தீபாவளிக் கொள்முதலுக்கு எடுத்து வைத்த பணம் அந்தக் கணக்கில் சேராது.