ஊசி எழுப்பாத கால்கள்

பெரிய முதலியார்சாவடியிலிருந்து மரக்காணம் உப்பளங்கள் வரை நீளும் இக்கடற்கரையில், ஓர் ஆண் முதியவனாவது நரையினால் அன்று. படகைக் கரையேற்றவோ பாத்தியில் உப்பு வாரவோ அவனை யாரும் அழைக்காமல் போகும் நாளில்தான். அதன்பின் மிஞ்சுவது வலையைப் பழுதுபார்க்கும் வேலை. விரல்களுக்கு வேலை இருக்கிறது, தொடைகளுக்கு இல்லை. ஒருநாள் தடுமாறி விழுந்துவிட்டால், "இனி எழுந்திருக்கவே வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார்கள் பிள்ளைகள். அந்த அன்பின்மீதுதான் எனக்கு ஐயம். பத்து நாள் படுக்கையே ஆரோக்கியமான முதியவரின் கால் தசையில் ஏறத்தாழ ஒரு கிலோவைக் கரைத்துவிடும்.

வசதியுள்ளோருக்கு வேறொரு வழி காட்டப்படுகிறது: டெஸ்டோஸ்டிரோன் ஊசி. இந்த ஆசை பழையது. 1889இல் பிரௌன் செக்கார் என்ற பிரெஞ்சு உடலியலாளர், தம் 72ஆம் வயதில், விலங்குகளின் விதைப்பைச் சாற்றைத் தமக்கே செலுத்திக்கொண்டு இளமை திரும்பியதாக அறிவித்தார். அந்தச் சாற்றில் ஹார்மோன் இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பதே இன்றைய கணிப்பு. நம்பிக்கைதான் வேலை செய்திருக்கிறது.

2016இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பங்குபெற்றோர், ஹார்மோன் குறைந்த, 65 வயது கடந்த 790 ஆண்கள். பாலுணர்வு ஓரளவு கூடியது. நடைத்திறனில் எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லை. 2024இல் வெளிவந்த வேறோர் ஆய்விலோ, ஹார்மோன் பெற்றவர்களுக்கே எலும்பு முறிவு அதிகம். விதைப்பையோ பிட்யூட்டரியோ நோயுற்றுக் குறைபாடு உறுதியானவர்களுக்கு இது முறையான மருந்துதான். அதை நான் மறுக்கவில்லை. முதுமையையே நோயாக்கி விற்பதுதான் பிழை.

1994இல் பாஸ்டனில், முதியோர் இல்லமொன்றின் 100 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. சராசரி வயது 87. பத்து வாரம் எடைப்பயிற்சி பெற்றவர்களின் கால் வலிமை இருமடங்குக்கு மேல் உயர்ந்தது. பயிற்சியின்றிச் சத்துப்பானம் மட்டும் அருந்தியவர்களுக்குப் பயன் ஏதுமில்லை.

உழைத்துத் தேய்ந்த உடம்புக்கு மறுபடியும் உடற்பயிற்சியா என்று கேட்கலாம். உப்பளத்து உழைப்பு உடலின் அளவைப் பார்ப்பதில்லை. பயிற்சி அளவறிந்து தொடங்கி, சிறுகச் சிறுகக் கூடி, இடையில் ஓய்வும் தருவது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துமுறை எழுந்து அமர்வதும் பயிற்சியே.

1978இலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப்பிரிவு கண்ட மாநிலம் இது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். ஆனால் அவர் சென்றபின் பெரியவரை மீண்டும் கட்டிலில் கிடத்திவிட்டால் அந்த வருகை வீண். மருமகளைக் கூப்பிடாமல் தானே எழுந்து கழிப்பறைக்குப் போய்வருவதைவிடப் பெரிய இளமை எதுவும் 80 வயதில் தேவையில்லை. அதற்கு வேண்டியது, எழும்போது பக்கத்தில் நிற்க ஓர் ஆள். நாள்தோறும் அரைமணி நேரம்.