எல்லா ஆட்டமும் வெளியூர் ஆட்டம்தான்

2023-24 ஐ-லீக் கால்பந்துல கடைசி ரெண்டு இடம் வந்து கீழ் டிவிஷனுக்கு இறக்கப்பட்ட அணிகள் நெரோகா, ட்ராவ். ரெண்டுமே இம்பால். "ஆடத் தெரியல, இறங்கிட்டாங்க"ன்னு சொல்றவங்க இதைப் படிங்க.

2023 மே 3ல மணிப்பூர்ல கலவரம் ஆரம்பிச்சுது. அந்த சீசன்ல இம்பால்ல ஒரு ஆட்டம்கூட நடக்கல. 13 அணி, ஆளுக்கு 24 ஆட்டம். அதுல 12 சொந்த ஊர்ல நடக்கணும். அதையும் மேற்கு வங்கத்துல கல்யாணி மாதிரி ஊர்கள்ல போய் ஆடினாங்க. இவங்களுக்குப் போய் "சீசனின் கடைசி வெளியூர் ஆட்டம்"னு அட்டவணை போடுறது கேலி இல்லையா?

நம்ம அணைக்கட்டுப் பசங்க வேலூர் நேதாஜி ஸ்டேடியத்துல ஆட வேண்டியதைப் புவனேஸ்வர்ல ஆடணும், ஊர்ல வீடு இருக்கா எரிஞ்சுதான்னும் தெரியாதுன்னா, எத்தனை கோல் போடுவாங்க? 103 டிகிரி காய்ச்சல்ல இருக்கிறவரை ட்ரெட்மில்ல ஏத்தி "ஸ்டாமினா இல்லை"ன்னு நான் ரிப்போர்ட் எழுதினா சும்மா விடுவீங்களா?

"விதின்னா விதிதான் டாக்டர்"ம்பீங்க. சரி. 2020-21லயும் கடைசி இடம் இதே நெரோகாதான். கொரோனா காலம்னு இறக்காம விட்டதும் இதே அகில இந்திய கால்பந்து கூட்டமைப்புதான். கொரோனாவுக்குக் கொடுத்த சலுகையைக் கலவரத்துக்குக் கொடுக்க எது தடுத்துச்சு?

இன்னொண்ணு. அதே 2023-24ல ஐஎஸ்எல்ல கடைசி இடம் ஹைதராபாத். அவங்க எங்கேயும் இறங்கல. அப்போ அந்த லீக்ல இறக்கமே இருக்கல.