மூடுபனி வலைகளும் திறப்புவிழாச் செய்திகளும்

‘காற்றிலிருந்து குடிநீர்’ என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏதாவதொரு பத்திரிகையில் தவறாது வெளிவரும். அதனை வாசிக்கும்போதெல்லாம் சிலி நாட்டின் கரையோரக் கிராமமான சுங்குங்கோ என் நினைவுக்கு வருகின்றது. அதன் கதையின் முற்பாதியை மட்டுமே உலகம் கொண்டாடியது.

மழை அரிதான அக்கரையில், பசுபிக் சமுத்திரத்திலிருந்து எழும் ‘கமான்சாக்கா’ என்னும் மூடுபனி மலைமுகடுகளைத் தழுவிச் செல்லும். கைவிடப்பட்ட இரும்புச் சுரங்கம் இருந்த எல் தோஃபோ மலையில் 1987 முதல் கம்பங்களுக்கிடையே பெரும் வலைகள் கட்டப்பட்டன. காற்று சுமந்துவரும் நுண்துளிகள் இழைகளில் ஒட்டித் திரண்டு பீலியில் வடிந்தன; அங்கிருந்து குழாய்வழியே தாமாகவே கீழிறங்கின. எரிபொருள் தேவைப்படவில்லை. 1992 இல் அந்நீர் கிராமத்தை அடைந்தது. ஏறத்தாழ நூறு வலைகள். நாளொன்றுக்குச் சராசரியாக 15,000 லீற்றர். அதுவரை பவுசரின் வருகைக்காகக் காத்திருந்த மீனவக் குடும்பங்கள் வீட்டுத்தோட்டமும் செய்தன.

பிற்பாதி என்ன? கிராமம் பெருகியது, வலைகள் பெருகவில்லை. காற்றில் கிழிந்தவற்றைத் திருத்துவது யார் பொறுப்பு என்பதற்கு உறுதியான விடை இருக்கவில்லை. மூடுபனி நீரைத் தற்காலிக ஏற்பாடாகவே கருதிய மக்கள், நகரத்தாருக்குக் கிடைப்பது போன்ற குழாய்நீரைக் கோரினர். அது அவர்களது உரிமையே. ஆனால் அந்நீர் வருமுன்பே, 2000களின் தொடக்கத்தில், வலைகள் கைவிடப்பட்டன. மீண்டும் பவுசர் வந்தது!

இதனைத் தொழினுட்பத்தின் தோல்வி என்போருக்கு மொரோக்கோவே விடை. அங்கு ஆயித் பாம்ரான் பிரதேசத்தில், தண்ணீர் சுமப்பதிலேயே பெண்களின் நாட்பொழுது கழிந்த மலைக்கிராமங்களுக்கு 2015 இல் மூடுபனி நீர் குழாய்வழியே வழங்கப்பட்டது. பெண்கள் முன்னின்று நடத்தும் ‘தார் சி ஹமத்’ என்ற உள்ளூர் அமைப்பு அத்திட்டத்தைப் பொறுப்பேற்றது. வலை விற்றவர் நாடு திரும்பிய பின்னரும் அதனைத் தைக்க ஊரிலே ஆளிருந்தால்தான் தண்ணீர் வரும்.

பணம் வழங்குவோர் வலைக்குக் கொடுக்கிறார்கள். அதைத் தைப்பவரின் சம்பளத்துக்குக் கொடுப்பதில்லை. நாடா வெட்டிய அரசியல்வாதி மறுபடி மலையேறுவதில்லை. பத்திரிகையாளராகிய நாமும் குற்றவாளிகளே. திறப்புவிழாவுக்கு முதற்பக்கம் ஒதுக்கும் நாம், பத்தாண்டுகள் கழித்து அந்தப் பீலியில் நீர் வடிகின்றதா என்று பார்த்துவர எத்தனை நிருபர்களை அனுப்பியிருக்கிறோம்?