குணா குகைப் பாட்டும் ஜாம்பியா இசைத்தட்டும்: பழைய இசை திரும்பி வந்தால் காசு யாருக்கு?

கொடைக்கானல் குணா குகைப் பக்கம் இப்போது போனால், வேலிக்கு இந்தப் பக்கம் ரீல்ஸ் எடுக்கும் யாரோ ஒருவரின் போனில் ‘கண்மணி அன்போடு காதலன்’ ஓடிக்கொண்டிருக்கும். ‘குணா’ வந்தது 1991 தீபாவளிக்கு. அந்தப் பாட்டைப் போட்டு வீடியோ எடுக்கிற பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். 2024 பிப்ரவரியில் வந்த ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ அந்தப் பாட்டுக்கு இரண்டாம் உயிர் கொடுத்தது. அதே ஆண்டு மே மாதம் இளையராஜா தரப்பிலிருந்து படக்குழுவுக்கு வக்கீல் நோட்டீஸ் போனது. உரிமை வைத்திருந்த நிறுவனங்களிடம் முறையாக அனுமதி வாங்கிவிட்டோம் என்றார்கள் தயாரிப்பாளர்கள். பிறகு பேசி முடித்துக்கொண்டார்கள்.

விவகாரம் அத்தோடு முடிந்தது. ஆனால், அது கிளப்பிய கேள்வி முடியவில்லை. மறந்துபோன ஒரு இசை திடீரென்று திரும்பி வந்தால், அந்த வருமானம் யாரிடம் போய்ச் சேர வேண்டும்? இதைப் புரிந்துகொள்ள ஒரு நடை ஆப்பிரிக்காவுக்குப் போய் வரலாம்.

ஜாம்பியா 1964-ல் சுதந்திரம் பெற்ற நாடு. தாமிரச் சுரங்கங்கள்தான் அதன் சோறு. 1970களின் தொடக்கத்தில் அந்தச் சுரங்க நகரங்களின் இளைஞர்கள் எலெக்ட்ரிக் கிட்டாரைக் கையில் எடுத்தார்கள். ஜேம்ஸ் பிரவுனும் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் ரோலிங் ஸ்டோன்ஸும் ஒரு பக்கம், உள்ளூர்த் தாளம் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து பிறந்ததுதான் ‘ஜாம்ராக்’. வானொலியில் 95 சதவீதம் ஜாம்பிய இசைதான் ஒலிக்க வேண்டும் என்று அதிபர் கென்னத் கவுண்டா போட்ட உத்தரவும் கைகொடுத்தது. கிட்டார் ஒலியைக் கரகரவென உடைத்து, குரலை எதிரொலியில் மிதக்கவிடும் இந்த பாணிக்கு ‘சைகடெலிக் ராக்’ என்று பெயர். (கொடைக்கானலில் ‘சைகடெலிக்’னு சொன்னாலே காளான் கேஸ்தான் ஞாபகம் வரும். இங்கே பேசுவது இசையை மட்டும்.)

‘விட்ச்’ என்ற குழுதான் அதில் பெரிய பெயர். அதன் பாடகர் இமானுவேல் சண்டாவை ரசிகர்கள் ‘ஜகாரி’ என்றார்கள். மிக் ஜாகர் என்ற பெயரை அவர்கள் வாய்க்குத் தகுந்தபடி மாற்றியது அது. ‘லேசி போன்ஸ்’ ஆல்பம் 1975-ல் வந்தது. ‘அமனாஸ்’ குழுவின் ‘ஆப்ரிக்கா’ ஆல்பமும் அதே ஆண்டு. அடுத்து வந்தது சரிவு. தாமிர விலை விழுந்தது, மக்கள் கையில் காசு இல்லை, திருட்டு கேசட் பெருகியது. எய்ட்ஸ் ஒரு தலைமுறை இசைக் கலைஞர்களையே வாரிக்கொண்டு போனது. ஜகாரி பிழைப்புக்காக ரத்தினக்கல் தோண்டப் போனார்.

நம்ப முடியாத பகுதி இனிமேல்தான். சில பத்தாண்டுகள் கழித்து ஐரோப்பிய, அமெரிக்க சேகரிப்பாளர்கள் அந்தப் பழைய தட்டுகளைத் தேடத் தொடங்கினார்கள். ‘நவ் அகெய்ன்’ என்ற அமெரிக்க நிறுவனம் விட்ச் பாடல்களையும் அமனாஸ் ஆல்பத்தையும் வினைலில் மறுபடி கொண்டுவந்தது. ‘விட்ச்’ பற்றி 2019-ல் ஆவணப்படம் வந்தது. ஜகாரி மீண்டும் மேடையேறினார். 2023-ல் புது ஆல்பமே போட்டார்! உடன் வாசித்த பழைய நண்பர்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

இதே ‘நவ் அகெய்ன்’ இன்னொரு வேலையும் செய்தது. 1970களில் மும்பையைக் கலக்கிய ‘அட்டாமிக் ஃபாரஸ்ட்’ என்ற ராக் குழுவின் ஒரே ஆல்பமான ‘அப்செஷன் 77’-ஐயும் 2011-ல் மறுவெளியீடு செய்தது. அதாவது, நம் ஊர் ராக் இசையைக் காப்பாற்றவும் அமெரிக்காக்காரர்தான் வர வேண்டியிருந்தது.

தமிழும் விதிவிலக்கில்லை. பிரிட்டனைச் சேர்ந்த ‘ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்’ நிறுவனம் இளையராஜாவின் எலெக்ட்ரானிக் பாடல்களைத் தொகுத்து ‘சொல்ல சொல்ல’ என்ற பெயரில் ரெக்கார்டு போட்டது. ‘பிளாக் ஐட் பீஸ்’ 2003-ல் ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தாண்டது. ‘தளபதி’யின் காட்டுக்குயிலு தாளத்தை 2007-ல் எம்.ஐ.ஏ. எடுத்தார். அவராவது நம்ம ஆள், ஈழத்தமிழ்ப் பெண்.

சரி, மறுவெளியீடு என்றால் பழைய ஃபைலை எடுத்துத் தட்டில் ஏற்றுவதா? இல்லை. முதலில் மாஸ்டர் டேப் வேண்டும். அது ஸ்டுடியோவில் பதிவான மூல காந்த நாடா. நம் ஈரக் காற்றிலும் வெயிலிலும் பூஞ்சை பிடித்து, ஒட்டிக்கொண்டு பாழாகும். டேப் இல்லையென்றால், நன்றாக இருக்கும் ஒரு பழைய தட்டைத் தேடிப் பிடித்து, அதை ஓடவிட்டுப் பதிவு செய்து, கரகர சத்தத்தைக் கணினியில் நீக்க வேண்டும். பிறகுதான் அச்சு எடுத்து தட்டு அடிக்கும் வேலை. அமனாஸ் ஆல்பத்துக்கு எதிரொலி சேர்த்தது, சேர்க்காதது என இரண்டு வடிவங்கள் இருந்தன. தேடிப் பிடித்ததால்தான் இரண்டையுமே வெளியிட முடிந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் ஒலிப்பதிவுக்கான பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பெரும்பாலும் அது ஆடியோ நிறுவனத்திடமோ தயாரிப்பாளரிடமோ இருக்கும். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமையை எழுதிக் கொடுத்திருந்தாலும், தியேட்டரில் படத்தோடு சேர்த்துக் காட்டுவது தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்கு அவர்களுக்கும் ராயல்டி பங்கு உண்டு என்று 2012 சட்டத் திருத்தம் சொன்னது. இளையராஜா நிறுவனங்களோடு நீதிமன்றப் படி ஏறி இறங்கியது பாடல்களின் உரிமை யாருக்கு என்ற கேள்வியில்தான்.

அவருக்காவது பெயர் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். அந்தப் பாட்டுகளில் வயலின் வாசித்தவர், பேஸ் கிட்டார் வாசித்தவர், கோரஸ் பாடியவர்? பெரும்பாலான பழைய தமிழ் ரெக்கார்டு உறைகளில் பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் பெயரோடு கதை முடிந்துவிடும். ஜாம்பியாவில் குழு சின்னது, யார் வாசித்தார் என்று ஜகாரியால் சொல்ல முடிந்தது. ஐம்பது பேர் உட்கார்ந்து வாசித்த கோடம்பாக்கத்துப் பதிவுக்கு யார் சாட்சி சொல்வது? அவர்களில் இன்னும் நம்மோடு இருப்பவர்களை உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொள்ள அதிக காலம் இல்லை.

பழைய பாட்டை ‘ரீமாஸ்டர்’ என்று ஸ்ட்ரீமிங்கில் போட்டுச் சம்பாதிக்கும் நிறுவனங்கள், தங்களிடம் எந்தெந்த மாஸ்டர் டேப் மிச்சம் இருக்கிறது என்று ஒரு பட்டியலாவது வெளியிட வேண்டும். இது தொழில் ரகசியம் இல்லை. வாசித்தவர் பெயரைப் போடுவதற்குச் செலவும் இல்லை. எண்பதுகளின் பாட்டைக் கல்யாண மண்டபம் முதல் கார் வரை கேட்கும் தமிழ்நாட்டில், அதை ஒழுங்காக மறுவெளியீடு செய்யத் தோன்றுவது முதலில் பிரிட்டனில் ஒருவருக்கு என்றால், நமக்குக் கொஞ்சம் உறைக்கத்தான் வேண்டும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தா காலத்து ரெக்கார்டு இருக்கலாம். எடைக்குப் போடும் முன் உறையின் இரு பக்கத்தையும், தட்டின் நடுவிலுள்ள வட்டத் தாளையும் போனில் ஒரு படம் எடுங்கள். அங்கே அச்சாகியிருக்கும் எண்ணை வைத்துத்தான் அது எந்த நிறுவனப் பதிவு என்று கண்டுபிடிப்பார்கள். தட்டைப் படுக்கப் போட்டு அடுக்காமல், புத்தகம்போல நிமிர்த்தி வையுங்கள். வளையாது.