சாம்பலுக்கு யார் கணக்கு எழுதுவது?

பி.காம். படிப்பவனுக்கு ரோட்டைப் பற்றி என்ன தெரியும் என்று சிவில் நண்பர்கள் சிரிக்கலாம் :-) கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் வளர்ந்தவன் நான். மழைக்கு உப்பி, வெயிலுக்குக் கை நுழையும் அளவு வெடிக்கிற மண். அதன் மேல் போட்ட தார் என்ன செய்யும், பாவம்! எங்கள் ஊர் ரோடு இரண்டு ஐப்பசி தாங்கியதில்லை. சித்தியைப் பிரசவத்துக்கு ஏற்றிய ஆட்டோ அந்தக் குழியில்தான் நின்றது.

அனல்மின் நிலையச் சாம்பலும் கொஞ்சம் சுண்ணாம்பும் கலந்து இறுக்கினால் இந்த மண்ணின் உப்பல் குறையும், பலம் கூடும். (நெய்வேலிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து இயல்பாகவே அதிகம்.) எங்களுக்குத் தூத்துக்குடி சுமார் 60 கிலோமீட்டர்தான். வேறு வகையில் தீராத சாம்பலை 300 கிலோமீட்டருக்குள் நடக்கும் ரோடு வேலைக்கு இலவசமாக, லாரி வாடகையையும் ஏற்று மின் நிலையமே தர வேண்டும் என்கிறது மத்திய அரசின் 2021 டிசம்பர் அறிவிக்கை. தேங்கினால் டன்னுக்கு 1000 ரூபாய் இழப்பீடு வேறு.

பிறகு என்ன தடை? என் பார்வையில், கணக்கு எழுதும் முறைதான். மண்ணைக் கலக்கும் கூலி டெண்டர் தொகையை ஏற்றிக் காட்டும். வருஷா வருஷம் போடும் ஒட்டு வேறு தலைப்பில் போய்விடும். இரண்டும் நம் வரிப்பணம்தானே?

சாம்பலில் ஆர்சனிக் போன்றவை உண்டு, கிணற்றடியில் கொட்டச் சொல்லவில்லை. சோதித்த பிறகே போடட்டும், அந்தச் செலவையும் டெண்டரிலேயே எழுதட்டும்.