கிரகணமும் கர்ப்பிணியின் வயிறும்

2025-ம் வருஷம் செப்டம்பர் 7-ந் தேதி இரவு சந்திர கிரகணம் நடந்தது. பூமியின் கருநிழல் சந்திரனைத் தொட்டது 9-57 மணிக்கு. விட்டது 1-26 மணிக்கு. ஆனால் சாஸ்திரக் கணக்குப்படி தீட்டு 9 மணி நேரத்துக்கு முன்னதாகவே, அதாவது பகல் ஒரு மணிக்கே பிடித்துக் கொள்கிறதாம்! ஆகவே கர்ப்பிணியானவள் பன்னிரண்டரை மணி நேரம் பச்சைத் தண்ணீரும் தொடாமல் இருட்டறையில் கிடக்க வேண்டுமாம்.

வயிற்றிலிருக்கும் சிசுவுக்குப் பஞ்சாங்கம் தெரியுமா? அது தாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரையை ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கின்றது. அதனால் பட்டினி கிடக்கும் கர்ப்பிணிக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரமாகச் சர்க்கரை இறங்கி, உடம்பு தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்கி, இரத்தத்தில் கீட்டோன் ஏறுகின்றது. கர்ப்பகாலச் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக் கொள்பவளானால் உயிருக்கே ஆபத்தாகலாம். நடுநிசியில் தீட்டுக் கழிந்ததென்று பசிவெறியோடு ஒரேயடியாகச் சோற்றை அள்ளித் தின்றாலோ, அதே சர்க்கரை குபீரென்று ஏறும். டாக்டர்கள் மூன்று வேளைச் சாப்பாட்டோடு நடுநடுவே சிற்றுண்டியும் காலந்தவறாமல் கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

"குழந்தைக்கும் நோயாளிக்கும் விலக்கு உண்டே" என்பார் புரோகிதர். பிறந்த குழந்தைக்கு விலக்கு, வயிற்றிலிருக்கும் குழந்தைக்குப் பட்டினியா என்று கேட்கின்றோம்.

மாமியார்மார்களை நாம் குறை கூறவில்லை. அவர்களும் இப்படிப் பட்டினி கிடந்து பிள்ளை பெற்றவர்களே. வீட்டு ஆண்பிள்ளைகளைத்தான் கேட்கின்றோம்: அடுத்த கிரகணத்தன்று, நிழல் விழும் நேரம் பார்த்து, அவளுக்கு நீங்களே இரண்டு இட்டிலி எடுத்து வைப்பீர்களா?